உட்கார்ந்த இடத்தில் ஓடும் நெஞ்சு

சும்மா உட்கார்ந்திருப்பவனுக்கு மூச்சு வாங்க வேண்டிய அவசியம் எதுவும் இல்லை. உமேஷ் அன்றைக்குச் சும்மாதான் உட்கார்ந்திருந்தான். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், அஸ்தினாபுரத்தில் இரண்டாவது மாடி வீடு, சோபாவில் அவன் உடம்புக்கென்றே குழி விழுந்த ஓரம், மடியில் பிரிக்காத பேப்பர், சமையலறையில் இரண்டாவது விசிலுக்கு முனகிக்கொண்டிருந்த குக்கர், பக்கத்து மனையில் போர் போடுகிறவர்கள் நிறுத்திவிட்டுப் போன பிறகும் காதுக்குள் தங்கிவிட்ட இரைச்சல். அப்போது இடது மணிக்கட்டில் வாட்ச் துடித்தது. நீங்கள் அசையாமல் இருக்கிறீர்கள், ஆனால் உங்கள் இதயம் நூற்றுப் பன்னிரண்டில் அடிக்கிறது, கவனியுங்கள் என்று எழுத்து ஓடியது.

அவன் சிரித்துவிட்டு விரலைக் கழுத்தில் வைத்துப் பார்த்தான். வாட்ச் பொய் சொல்லவில்லை. நரம்பு குதிகால் பிடரியில் பட ஓடிக்கொண்டிருந்தது. வேடிக்கை என்னவென்றால் அவனுக்குப் பயமே இல்லை. பயப்பட அந்தக் கூடத்தில் ஒன்றும் இல்லை. ஃபேன் சுற்றியது, குக்கர் முனகியது. நெஞ்சு மட்டும் அவனைக் கேட்காமல் தனியாக எதையோ பார்த்துவிட்ட மாதிரி அடித்துக்கொண்டிருந்தது.

"நித்யா, செத்த வாயேன்."

அவன் மனைவி நித்யஸ்ரீ கரண்டியோடு வந்தாள். பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளைக் கணக்கில் மிரட்டுகிற குரல் அவளுக்கு. மாசி மகத்துக்குப் பிறகு அந்தக் குரலை வீட்டில் யாரும் கேட்கவில்லை. அவள் நைட்டியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு எட்டு வயது ஸ்ம்ருதியும் வந்து நின்றாள்.

"நூத்துப் பன்னெண்டு காட்றது. சும்மாதான் உக்காந்திருக்கேன்."

"ஊசிதான். சில பேருக்கு ஏறும்னு டாக்டர்தான் சொன்னாரே." சொல்லும்போது அவள் அவனைப் பார்க்கவில்லை. குனிந்து மகளின் வகிட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "குக்கர் கூப்பிடறது" என்று திரும்பிப் போனாள். குழந்தையும் கூடவே போனது. வாட்சில் எண் மெல்ல இறங்க ஆரம்பித்தது.

ஊசி விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். உமேஷ் தின்று வளர்ந்தவன். கிண்டி ஆபீஸ் கேன்டீனில் போண்டா போடும் நேரம் அவன் உடம்புக்குத் தெரியும், கடிகாரம் வேண்டாம். குரோம்பேட்டை ஸ்டேஷன் படியை ஒரே மூச்சில் ஏற முடியாமல் நடுவில் நின்று செருப்பைச் சரிசெய்வது போல நடிப்பான். அவன் அப்பா நாற்பதுகளின் நடுவில், தாம்பரம் பிளாட்பாரத்தில் டிஃபன் பையோடு சாய்ந்து அப்படியே போனவர். உமேஷ் அந்த வயதை நெருங்கிக்கொண்டிருந்தான். கல்யாணமாகி ரொம்ப நாள், கோயில் குளம் ஆஸ்பத்திரி என்று அலைந்த பிறகு பிறந்தவள் ஸ்ம்ருதி. அவளுக்கு விவரம் தெரிகிற வரைக்குமாவது நெஞ்சு ஓடவேண்டும் என்பதுதான் அவனுடைய ஒரே வேண்டுதல். அதற்காகத்தான் குரோம்பேட்டை டாக்டர் ஏகநாதனிடம் போனான். அதற்காகத்தான் வாரம் ஒரு ஊசிக்குத் தலையை ஆட்டினான்.

"பசி குறையும். எடை குறையும். ஹார்ட் ரேட் கொஞ்சம் ஏறலாம், பயந்துடாதீங்க. ரொம்ப ஏறினா வாங்க" என்றார் டாக்டர்.

பேனா மாதிரியான ஊசி. தானே குத்திக்கொள்ளலாம். ஆனால் உமேஷுக்கு ஊசி முனையைப் பார்த்தால் கால் நடுங்கும். ஆகவே வெள்ளிக்கிழமை காலையில் குளித்துவிட்டுக் கட்டிலில் மல்லாந்து, பனியனைத் தூக்கி, கண்ணை இறுக்க மூடி, தன்வந்திரி ஸ்லோகத்தை வேகமாகச் சொல்ல ஆரம்பித்துவிடுவான். சுகர்காரரான தன் அப்பாவுக்கு வருஷக்கணக்கில் இன்சுலின் போட்ட கை நித்யாவுக்கு. அவன் ஸ்லோகம் முடிப்பதற்குள் வயிற்றில் எறும்பு கடித்தாற்போல் ஒன்று, "ஆச்சு" என்று அவள் குரல். பேனா எங்கே இருக்கிறது, எப்படித் திருகுகிறார்கள் என்பதெல்லாம் அவனுக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் விரும்பவில்லை.

எடை இறங்கியது. பங்குனி முடிவதற்குள் பேன்ட்டை பெல்ட் போட்டுக் கட்டவேண்டி வந்தது. வற்றல் குழம்பு கொதிக்கிற வாசனை வீடெங்கும் சுற்றினாலும் வயிறு திரும்பிப் படுத்துக்கொண்டது. ஆபீஸில் அடுத்த மேஜை தோத்தாத்ரி, "என்னய்யா, மறுபடியும் பொண்ணு பாக்கப் போறியா?" என்று கேட்டான். உமேஷுக்கு உள்ளூர ஒரே பெருமை. படபடப்புக்காக டாக்டரிடம் போனபோது அவர் ஈசிஜி எடுத்துப் பார்த்தார். அந்த நேரம் பார்த்து நெஞ்சு சமர்த்தாக எழுபதில் அடித்தது.

"இங்க நல்லாத்தானே இருக்கு?"

"வீட்லதான் டாக்டர்."

"வீட்லதான் எல்லாருக்கும் ஏறும்" என்று சிரிக்காமல் சொல்லிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார்.

அது ஜோக்தான். ஆனால் ரயிலில் நின்றுகொண்டே போனில் வாட்சின் வரைபடத்தைத் திறந்து பார்த்தபோது உமேஷுக்குச் சிரிப்பு வரவில்லை. ஆபீஸ் நேரம் முழுக்க கோடு தரையோடு தரையாகப் போனது. ரயிலிலும் அப்படியே. வீட்டுக்குள் கால் வைத்ததும் ஏறியது. இரவு முழுக்க அவன் தூங்கிக்கொண்டிருக்கும்போதும் மேலேயே நின்றது. காலையில் அவன் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பியதும் விழுந்தது. மருந்து ரத்தத்தில் இருக்கிறது என்றால் ரத்தம் கிண்டிக்கும்தானே போகிறது. வீடு வந்தால் மட்டும் வேலை செய்கிற மருந்தை அவன் கேள்விப்பட்டதில்லை.

சனிக்கிழமை மத்தியானம் நித்யா ஸ்ம்ருதியை சிட்லபாக்கத்துப் பாட்டு கிளாஸுக்குக் கூட்டிப்போனாள். வீட்டில் அவன் மட்டும். வெயில் பால்கனிக் கம்பிகளைத் தரையில் கோடு கோடாகப் போட்டிருந்தது. அவன் வாட்ச் கட்டிய கையை முன்னால் நீட்டிக்கொண்டு ஒவ்வொரு அறையாக நடந்தான். பக்கத்து மனையில் போர் போடுவதற்கு முன் ஒருவர் உள்ளங்கையில் தேங்காயை வைத்துக்கொண்டு இப்படித்தான் நீரோட்டம் பார்த்தார். அன்று பால்கனியில் நின்று அவரைக் கேலி செய்தவன் இவன். கூடம் எழுபத்திரண்டு. சமையலறை எழுபது. பூஜை அலமாரிக்கு எதிரே, படுக்கையறையில், பரணுக்குக் கீழே, குளியலறையில், எங்கேயும் ஏறவில்லை. குளியலறைத் தரையில் மட்டும், தண்ணீர் போகும் சல்லடையைச் சுற்றி, மெல்லிசாகக் கொஞ்சம் மணல் ஒதுங்கியிருந்தது. விரலில் எடுத்துத் தேய்த்துப் பார்த்தான். மொட்டைமாடித் தொட்டி மண்ணாக இருக்கும் என்று கழுவிவிட்டான்.

வீட்டில் ஒன்றும் இல்லை என்று நிம்மதியாக சோபாவில் சாய்ந்தான். கொஞ்சம் கண் சொருகியது. அப்போது நெஞ்சு ஒரு முறை உதைத்தது. பிறகு இன்னொரு முறை. வாட்சைப் பார்த்தான். எண்பது. எண்பத்தொன்பது. வெளியே எந்தச் சத்தமும் இல்லை. நூறு. அதற்குப் பிறகுதான் கீழே இரும்பு கேட் கிறீச்சிட்டது. மாடிப்படியில் இரண்டு ஜோடி செருப்பு. ஒன்று பெரிது, ஒன்று சிறிது. முதல் மாடி. திருப்பம். கதவில் சாவி நுழையும்போது நெஞ்சு தொண்டைக்கு வந்திருந்தது.

கதவு திறந்தது. வெயிலில் கருத்துப்போன முகத்தோடு நித்யா நின்றாள், அவள் துப்பட்டாவைக் கையில் சுற்றிக்கொண்டு ஸ்ம்ருதி நின்றாள்.

"என்ன, இப்படி முழிக்கறேள்?" என்றாள் நித்யா.

அன்றைக்கு முதன்முறையாக உமேஷ் பயந்தான். நெஞ்சு நெடுநாளாகப் பயந்துகொண்டிருந்ததும் அப்போதுதான் அவனுக்குப் புரிந்தது.

ஊசி ஆரம்பித்த அதே வாரம்தான் மாசி மகம் வந்தது. கடலாட வேண்டும் என்று உமேஷுக்குத்தான் ஆசை. கோவளத்தில் அன்றைக்கு நல்ல கூட்டம். படகுகளைத் தாண்டி, மீன் ஏலம் போடுகிற இடத்தைத் தாண்டி, ஆள் குறைவாக இருந்த ஓரத்தில் இறங்கினார்கள். குடும்பமாகக் கடலில் முழுக்குப் போட்டால் கையை விடக்கூடாது. அவன், நித்யா, நடுவில் ஸ்ம்ருதி என்று வட்டமாகக் கைகோத்து நின்றார்கள். இரண்டு முழுக்கு சிரிப்பும் கும்மாளமுமாகப் போனது. மூன்றாவதில் அலை பின்னாலிருந்து வந்து அவனைத் தலைகீழாகப் புரட்டியது. எழுந்தபோது இரண்டு கையும் காலி. கத்தினானா என்பது நினைவில்லை. திரும்பினால் ஸ்ம்ருதி கரையில் நின்றுகொண்டிருந்தாள். ஈரப் பாவாடையைப் பிழிந்துகொண்டு, அழாமல், "நான் இங்கதான் இருக்கேன்" என்றாள். ஓடிப்போய் அவளை வாரித் தோளில் போட்டுக்கொண்டான். நித்யாவைக் காணோம். நெடுநேரம் காணோம். படகுக்காரர்கள் இரண்டு பேர் குதித்து, வெகு தூரத்தில் அவளை முடியைப் பிடித்து இழுத்து வந்தார்கள். வலது கை இறுக்க மூடியிருந்தது. கண்ணைத் திறந்து அவன் தோளில் இருந்த குழந்தையைப் பார்த்ததும் ஒரு சத்தம் போட்டாள். பெற்றவளுக்கு அப்படித்தானே இருக்கும் என்று சுற்றி நின்றவர்கள் சொன்னார்கள்.

அந்தச் சத்தத்தை இப்போது திரும்ப நினைத்துப் பார்த்தான். அதில் சந்தோஷம் இல்லை.

அவ்வளவு நேரம் தண்ணீருக்குள் ஒரு மனுஷி எப்படி இருந்தாள்? கேட்கக்கூடாத கேள்வி. கேட்ட பிறகு விடாத கேள்வி. அன்றிலிருந்து அவள் சரியாகச் சாப்பிடுவதில்லை. சிரிப்பதில்லை. விடிகாலையில் அவன் விழித்துப் பார்த்தால் படுக்கையில் இருக்கமாட்டாள். எதிர்ச் சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டு, முழங்காலைக் கட்டிக்கொண்டு, கட்டிலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். கட்டிலில் அவனும் ஸ்ம்ருதியும் இருப்பார்கள். "தூக்கம் வரல" என்பாள். கிட்டே வந்தால் உப்பு நாற்றம். காய்ந்த மீன்வலையும் பாசியும் கலந்த வாடை, தலைக்குக் குளித்த பிறகும்.

ஸ்ம்ருதியும் மாறித்தான் போனாள். அம்மாவை ஒரு நிமிடம் விடமாட்டாள். நைட்டி, துப்பட்டா, புடவைத் தலைப்பு, எது கிடைக்கிறதோ அதைக் கையில் சுற்றிக்கொண்டு கூடவே நடப்பாள். டிஃபன் பாக்ஸ் அப்படியே திரும்பி வந்தது. முன்பெல்லாம் வாய் ஓயாத பெண், இப்போது கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னாள். கடலில் பயந்துவிட்டது என்று நினைத்திருந்தான். ஒரு வேளை பயம் கடலைப் பார்த்து இல்லையோ. தாயென்று எதைப் பிடித்துக்கொண்டிருக்கிறோம் என்பது குழந்தைக்குத் தெரிந்துவிட்டதோ. 

திங்கட்கிழமை தோத்தாத்ரி சாதாரணமாகக் கேட்டான்: "முந்தாநாள் மத்தியானம் உன் ஒய்ஃபைக் கோவளம் பஸ் ஸ்டாண்டுல பாத்தேன். தனியா நின்னுண்டிருந்தா. கூப்பிட்டேன், காதுல விழலை. அங்க யார் இருக்கா உங்களுக்கு?"

"யாரும் இல்லையே."

"காலெல்லாம் ஒரே மணல், ஓய்."

சனிக்கிழமை. ஸ்ம்ருதியைப் பாட்டு கிளாஸில் விட்டுவிட்டு நித்யா அங்கே போயிருக்கிறாள்.

அன்று பர்மிஷன் போட்டுவிட்டு உமேஷ் சீக்கிரம் வீட்டுக்கு வந்தான். பொழுது இன்னும் சாயவில்லை. நித்யா மொட்டைமாடியில் துணி எடுக்கப் போயிருந்தாள். மேலே அவள் நடக்கிற சத்தம் கூரை வழியாகக் கேட்டது. ஸ்ம்ருதியும் அவளோடுதான் இருக்கவேண்டும். அவன் பிரிட்ஜைத் திறந்தான். கதவுத் தட்டில், இட்லி மிளகாய்ப்பொடி டப்பாவுக்குப் பின்னால், ஊசிப் பேனாக்கள் இரண்டு. வாழ்க்கையில் முதல் தடவையாக அவற்றைக் கையில் எடுத்தான். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான்.

ஒன்றில் பாதி மருந்து அப்படியே இருந்தது. இன்னொன்றில் விளிம்பு வரை இருந்தது.

ஒரு பேனா ஒரு மாதத்துக்கு. இது இரண்டாவது மாதம். வெள்ளிக்கிழமை கூட "ஆச்சு" என்றாள்.

பனியனைத் தூக்கினான். தொப்புளுக்குப் பக்கத்தில் சிவப்பாகப் புள்ளிகள். வரிசையாக. வாரத்துக்கு ஒன்று. கடைசிப் புள்ளி இன்னும் ஆறவில்லை. மருந்து போகவில்லை என்றால் வயிற்றில் குத்தியது எது? அவன் கண்ணை மூடிக்கொண்டு ஸ்லோகம் சொல்லிக்கொண்டிருந்தபோது அவள் என்னதான் செய்துகொண்டிருந்தாள்? பசி போனது ஊசியால் இல்லை. சதை கரைந்தது ஊசியால் இல்லை. பயந்தவன் சாப்பிடமாட்டான். பயந்தவன் இளைப்பான். பயந்தவன் நெஞ்சு தூக்கத்திலும் ஓடும். அதை எடை குறைகிறது என்று ஊரெல்லாம் பாராட்டியிருக்கிறது.

பிரிட்ஜ் கதவு திறந்தே இருந்தது. குளிர் முழங்காலில் பட்டது. நெஞ்சு ஏறியது.

"அப்பா."

ஸ்ம்ருதி சமையலறை வாசலில் நின்றாள். தலைமுடி நெற்றியில் ஒட்டியிருந்தது.

"நீ மேல போகலயா, கண்ணா?"

"அம்மா வேண்டாம்னா. கதவைச் சாத்திட்டா."

மேலே காலடி நின்றது. பிறகு மாடிப்படியை நோக்கி நகர்ந்தது. அவன் யோசிக்கவில்லை. பர்ஸ் பாக்கெட்டில் இருந்தது, போன் கையில் இருந்தது. பொத்தேரியில் அக்கா வீடு. குழந்தையை அங்கே விட்டால் போதும், பிறகு தனக்கு என்ன ஆனாலும் ஆகட்டும் என்று தோன்றியது. ஸ்ம்ருதியின் கையைப் பிடித்தான். சில்லென்று இருந்தது. செருப்புக் கூடப் போடாமல் கீழே இறங்கினார்கள். தெருமுனையில் ஸ்டாண்டில் ஆட்டோ சுகுமார் டீ குடித்துக்கொண்டிருந்தார், பழக்கமானவர்.

"பொத்தேரி, சீக்கிரம்."

"இன்னா சார், வூட்ல எதுனா பிரச்னையா?"

"போங்க அண்ணா."

ஆட்டோ ஜி.எஸ்.டி. ரோட்டில் ஏறியது. அப்போதுதான் அவன் மூச்சு விட்டான். குழந்தை அவன் சட்டையின் ஓரத்தைப் பிடித்து விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். தாம்பரம் பாலத்துக்கு மேல் விளக்குகள் எரிய ஆரம்பித்திருந்தன. காற்றில் டீசலும் பூக்கடைச் சாமந்தியும் கலந்து வந்தன. தப்பித்தாயிற்று. குழந்தையை வெளியே கொண்டுவந்தாயிற்று. இனிமேல் இறங்கும் என்று நெஞ்சுக்குச் சொன்னான். வாட்சைப் பார்த்தான். நூற்று இருபத்திநாலு. ஓடிவந்த படபடப்பு என்று நினைத்தான். பெருங்களத்தூர் வருவதற்குள் மறுபடியும் பார்த்தான். நூற்று முப்பத்தொன்று.

போன் அடித்தது. நித்யா. எடுக்கவில்லை. மறுபடியும் அடித்தது. மறுபடியும்.

"யாருப்பா?" என்றாள் ஸ்ம்ருதி.

"யாரும் இல்லம்மா."

"அம்மாதானே?"

நான்காவது தடவை எடுத்து, பேசாமல் காதில் வைத்துக்கொண்டான்.

"ஏன்னா." அவள் மூச்சிரைத்தது, மாடிப்படியில் ஓடி இறங்கியவளின் மூச்சு. "அவளை எங்க அழைச்சுண்டு போறேள்?"

"நீ யாருன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு" என்றான்.  "பேனாவைப் பாத்துட்டேன்."

 அந்தப் பக்கம் அவள் அழுதாள். அவனுக்கு நன்றாகத் தெரிந்த அழுகை. பிரசவ வார்டில், அவள் அப்பா போன அன்றைக்கு, கேட்ட அதே அழுகை.

"மருந்தை நான்தான் நிறுத்தினேன். முத ரெண்டு தடவைக்கப்புறம் வெறும் ஊசியைத்தான் குத்தினேன். உங்க நெஞ்சு அப்படி அடிச்சுண்டதே, உங்கப்பா மாதிரி ஆயிடுமோன்னு பயந்தேன். சொன்னா கேக்க மாட்டேள். நிறுத்தினா இறங்கும்னு நெனச்சேன், இறங்கவேயில்ல. அப்புறம் ஒரு நாள் நீங்க குளிக்கப் போனப்போ உங்க வாட்சை நான் கட்டிண்டு பாத்தேன்."

ஆட்டோ நின்றது. முன்னால் லாரி, பின்னால் லாரி. சிவப்பு விளக்குகளில் எல்லாமே சிவப்பாக இருந்தது.

"எனக்கும் அதே நம்பர்தான். நான் எந்த ஊசியும் போட்டுக்கலயே. அப்புறம் நாடி பிடிச்சுப் பாத்துண்டே இருந்தேன், அவ ஸ்கூலுக்குப் போனா இறங்கிடறது. திரும்பி வந்தா ஏறிடறது."

"யார்?"

"தண்ணிக்குள்ள நான் அவ கையை விடவேயில்ல." அவள் குரல் குறைந்தது. "அலை இழுத்துண்டு போச்சு, நானும் கூடவே போனேன், கையை விடல. கடைசி வரைக்கும் அவ விரல் என் கையில இருந்தது. அப்புறம் படகுக்காரா என்னைப் பிடிச்சு இழுத்துட்டா. மேல வந்து கண்ணைத் திறந்தா, உங்க தோள்ல ஒண்ணு உக்காந்துண்டு என்னைப் பாக்கறது. எப்படிச் சொல்லுவேன் உங்ககிட்ட? நீங்க அதைக் கட்டிண்டு அழறேள். வாரா வாரம் கோவளத்துக்குப் போய்க் கரையில கேக்கறேன், ஏதாவது ஒதுங்கித்தான்னு. அது உங்ககிட்ட வராம பாத்துக்கத்தான் நான் கூடவே வெச்சுண்டிருந்தேன். இறங்கிடுங்கோ. அதை விட்டுட்டு நீங்க மட்டும் இறங்கி ஓடி வந்துடுங்கோ."

போன் அவன் கையில் இருந்தது. பேசிக்கொண்டே இருந்தது. அவனுக்குக் கேட்கவில்லை.

சுகுமார் திரும்பிப் பார்த்தார். "சார், பாப்பா தண்ணி பாட்டில் கொட்டிகிச்சா? சீட்டு, கீழல்லாம் ஒரே ஈரமா கீது."

பாட்டில் எதுவும் இல்லை.

இறங்க வேண்டும்.  சட்டை இழுபட்டது. விரலில் சுற்றிய துணியை அவள் இன்னும் ஒரு சுற்று சுற்றிக்கொண்டாள். பிறகு மெல்ல நகர்ந்து வந்து, சின்ன வயதில் தூக்கம் வந்தால் செய்வது போல, அவன் நெஞ்சில் காதை வைத்துக்கொண்டாள். முடி சட்டையை நனைத்தது. உப்பு நாற்றம் மேலே வந்தது.

"எவ்ளோ வேகமா ஓடறது உனக்கு" என்றாள். "அம்மாவுக்கும் இப்படித்தான்."

லாரி நகர்ந்தது. ஆட்டோ நகர்ந்தது.

அவள் அவன் கையை எடுத்தாள். குளிர்ந்த இரண்டு கைகளாலும் எடுத்து, தன் நெஞ்சில் விரித்து வைத்து, மேலே அழுத்திப் பிடித்துக்கொண்டாள். ஈரமான கவுன். அதற்குக் கீழே எலும்பு. அதற்குக் கீழே ஒரு துடிப்புக்காக அவன் காத்திருந்தான். வண்டலூர் போயிற்று. உள்ளங்கையில் எதுவும் அசையவில்லை.

"எனக்கு மட்டும் ஏன்ப்பா இல்ல?" என்று கேட்டாள் குழந்தை.